செத்துப்போன முஸ்தபா போர்டு

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன எபிசோடுல என் வீட்டு அலமாரியில இருக்கிற பழைய வீடியோ கேம் கேசட்டுகள், ஆர்கேட் போர்டுகள் பத்திப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, உங்ககிட்ட இருக்கிறதுலயே காஸ்ட்லி எது?"

சரி, சொல்லிடறேன். ஒரு ஆர்கேட் போர்டு. ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்து சேர்றப்போ 41,000 ரூபாய். மூணு வருஷம் என் அலமாரியில கண்ணாடிக்குப் பின்னாடி பத்திரமா இருந்தது. அங்கேயே செத்துப் போச்சு. யாரும் கீழே போடலை, தண்ணி ஊத்தலை. பத்திரமா வச்சதாலதான் செத்தது. இன்னைக்கு அந்தக் கதை.

ஒரு ரூபாய் காலம்

90களின் பின்பாதி. பெரம்பூர்ல எங்க தெருமுனையில் ஒரு வீடியோ கேம்ஸ் கடை. கடைன்னா பெரிசா நினைக்காதீங்க. ஒரு ஷட்டர், உள்ளே நாலு ப்ளைவுட் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பழைய டிவி. வாசல்ல ஸ்டூல் போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். ஆடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா காயின் போனது போனதுதான். "ஈபிகிட்ட போய்க் கேளு"ன்னு சொல்லிட்டு அவர் பேப்பர் படிப்பார்.

நானும் என் அண்ணனும் போவோம். எனக்கு பத்து வயசு, அவனுக்கு பதிமூணு. அந்த நாலு பெட்டியில எப்பவும் கூட்டமா இருக்கிறது ஒண்ணுதான். நாங்க அதை "முஸ்தபா கேம்"னு சொல்வோம். கேட்டுட்டு இருக்கிற நிறையப் பேர் இப்போ தலையாட்டுவீங்கன்னு தெரியும்.

அந்த கேமோட உண்மையான பேர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பான்ல இருக்கிற கேப்காம் கம்பெனி 1993-ல ஆர்கேடுக்காக வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் வரைஞ்ச 'ஜீனோசோயிக் டேல்ஸ்'ங்கிற அமெரிக்க காமிக்ஸ்தான் அதுக்கு மூலம். மொத்தம் நாலு ஹீரோ. ஜாக், ஹன்னா, மெஸ், அப்புறம் தொப்பி போட்ட முஸ்தபா. முஸ்தபாதான் வேகமான ஆள். ஓடி வந்து பறந்து ஒரு உதை விடுவான் பாருங்க, அதுக்காகவே எல்லாரும் அவனைத்தான் எடுப்பாங்க. சென்னையில மட்டும் இல்லை, இந்தியா முழுக்க அந்த கேமுக்கு அவன் பேரே நிலைச்சிடுச்சு. கேமை உருவாக்கினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை.

முஸ்தபாவை எப்பவும் அண்ணன்தான் எடுப்பான். மூத்தவன் உரிமை. எனக்கு மெஸ். குண்டா, மெதுவா நடக்கிறவன். நான் அடி வாங்கிட்டே இருப்பேன், அவன் முன்னாடி போயிட்டே இருப்பான். கறிக்கோழி கிடைச்சா மட்டும், "நீ சாப்பிடுடா, உனக்கு லைஃப் கம்மி"ன்னு விட்டுக் கொடுப்பான். வீட்ல அவன் அப்படி எதையும் விட்டுக் கொடுத்ததில்லை.

ஏன் போர்டு வாங்கணும்?

"அதான் எமுலேட்டர்ல ஆடலாமே, போர்டு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நானும் காலேஜ் டைம்ல பிரவுசிங் சென்டர்ல எமுலேட்டர்ல ஆடினவன்தான்.

ஆனா ஒரு விஷயம். இந்த கேம் எந்த கன்சோலுக்கும் அதிகாரபூர்வமா வந்ததே இல்லை. 2018-ல கேப்காம் தன்னோட பழைய அடிதடி கேம்கள் ஏழை ஒரே தொகுப்பா வெளியிட்டது. 'ஃபைனல் ஃபைட்' இருந்தது, 'கேப்டன் கமாண்டோ' இருந்தது. முஸ்தபா இல்லை. காமிக்ஸ்ல இருந்து எடுத்த கதைன்னா மறுபடி வெளியிட அந்த உரிமையும் வேணுமே. ஆக, கேப்காம் விற்ற வடிவத்துல இந்த கேமை ஆடணும்னா ஒரே வழி, 1993-ல தயாரான அந்த போர்டு.

இந்த கேம் மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்னு அமெரிக்காவுல ஒரு அமைப்பு இருக்கு. அவங்க 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் அப்போ கடையில கிடைக்கலை. பழைய படம் ஓடிடியில இல்லாட்டி கோபப்படுறோம். பழைய கேம்ல நூத்துக்கு எண்பத்தேழு இல்லாததை யாரும் பேசறதில்லை.

2019-ல ஒரு ஜப்பான் விற்பனையாளர்கிட்ட இருந்து வாங்கினேன். பார்சல் வந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கு. பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின சர்க்யூட் போர்டுகள். பெட்டியோட இணைப்புல ஒரு சின்ன ஸ்டிக்கர் சீல், கிழியாம. அதாவது, தயாரிச்ச பிறகு யாரும் இதைத் திறக்கலை. சேகரிக்கிறவங்களுக்கு அது தங்கம் மாதிரி.

பழைய ஆர்கேட் போர்டுகள்ல நிறைய 'ஜாமா'ன்னு ஒரு பொதுவான கனெக்டர்ல வேலை செய்யும். 80களின் நடுவுல ஜப்பான் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த தரம் அது, மொத்தம் 56 பின். பெட்டி ஒண்ணு இருந்தா போதும், போர்டை மட்டும் மாத்தி மாத்தி கேமை மாத்திக்கலாம். வீட்டுல டிவியோட இணைக்க 'சூப்பர்கன்'னு ஒரு கருவி இருக்கு. அதுல மாட்டி ஒரே ஒரு தடவை ஆன் பண்ணேன். ஜப்பானிய எழுத்துல தலைப்பு வந்தது. அரை மணி நேரம் ஆடினேன். ஆஃப் பண்ணி, துடைச்சு, அலமாரியில வச்சேன்.

உண்மையைச் சொல்லணும்னா, அப்போ என் மனசுல ஒரு கணக்கும் ஓடிட்டு இருந்தது. "இது ஏறும்." அதுக்கப்புறம் 2021 வந்தது. ஜூலை மாசம், சீல் பிரிக்காத ஒரு 'சூப்பர் மேரியோ 64' கேசட் அமெரிக்காவுல ஏலத்துல 15.6 லட்சம் டாலருக்குப் போச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஒரு பழைய 'செல்டா' 8,70,000 டாலர். லட்சக்கணக்குல வித்த மேரியோ கேசட் அது. அரிய பொருளே இல்லை. விலை கேமுக்கு இல்லை, பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்கு. நானும் என் போர்டு மேல இருந்த ஸ்டிக்கரைப் பாத்துப் பாத்து சந்தோஷப்பட்டேன்.

அந்த சமயத்துல ஆன்லைன் குழுவுல ஒருத்தர் என் போர்டு போட்டோவைப் பாத்துட்டு எழுதினார்: "அழகா இருக்கு. பேட்டரி மாத்திட்டீங்களா?" நான் பதில் போட்டேன்: "சீல் உடைக்க மனசு வரலை." அவர் திரும்ப எழுதினார்: "சீல் உங்களுக்காகக் காத்திருக்கும். பேட்டரி காத்திருக்காது."

லைக் போட்டுட்டு விட்டுட்டேன்.

தற்கொலை பேட்டரி

2022 டிசம்பர். துபாய்ல இருந்து அண்ணன் லீவுல வந்தான். நாலு வருஷம் கழிச்சு. நடுவுல எங்களுக்குள்ள பேச்சு ரொம்பக் குறைஞ்சு போயிருந்தது. சண்டைன்னு எதுவும் இல்லை. அப்பாவோட ஆஸ்பத்திரி செலவு, வீடு, அது இதுன்னு... போன்ல பேசினா கணக்கு மட்டும்தான் பேசுவோம். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். அவன்கிட்ட சொல்லலை, ஒரு சர்ப்ரைஸா ராத்திரி சாப்பிட்ட பிறகு ஹால்ல எல்லாம் செட் பண்ணேன். ரெண்டு ஜாய்ஸ்டிக். டிவி. போர்டு.

"டேய், முஸ்தபாவா?"ன்னான். அவன் குரல் அப்படி மாறி எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா?

ஸ்விட்சைப் போட்டேன். ஸ்கிரீன் முழுக்கக் குப்பை. கலர் கலரா கோடு, கட்டம். சத்தமே இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். கனெக்டரைத் துடைச்சேன். ஒரு மணி நேரம். அவன் சோபாவில சாய்ஞ்சுட்டு சொன்னான்: "அப்போ ஒரு ரூபாய்க்கு ஆடினோம்டா. இப்போ நாற்பதாயிரம் கொடுத்து ஆட முடியலை பாரு."

சிரிச்சுட்டேதான் சொன்னான். ஆனா எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் சுடுது. நாலு நாள்ல அவன் கிளம்பிட்டான்.

என்ன நடந்ததுன்னு சொல்றேன். 80கள், 90கள்ல ஆர்கேட் கம்பெனிகளுக்கு பெரிய தலைவலி நகல் போர்டுகள். கேம் வெளிவந்த கொஞ்ச நாள்ல யாராவது சிப்பைக் காப்பியடிச்சு பாதி விலைக்கு விப்பாங்க. இதைத் தடுக்க கேப்காம் ஒரு வேலை பண்ணது. இந்த போர்டுல சத்தத்தைக் கவனிச்சுக்கிற பிராசஸருக்கு 'கபுகி'ன்னு பேர். அது படிக்கிற புரோகிராமை குறியாக்கம் பண்ணி வச்சிருப்பாங்க. அதைத் திறக்கிற சாவி எண்கள் கபுகிக்குள்ள ஒரு சின்ன மெமரியில இருக்கும். கரண்ட் போனா அழிஞ்சு போகிற மெமரி. அந்தச் சாவி அழியாம இருக்கிறதுக்குத்தான் உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி. படத்தை வரையுற சிப்புக்கும் இதே மாதிரி பேட்டரியை நம்பின அமைப்பு உண்டு.

பேட்டரி தீர்ந்தா சாவி போச்சு. சாவி போனா போர்டு வெறும் பிளாஸ்டிக். அதனாலதான் சேகரிக்கிறவங்க இதைத் 'தற்கொலை பேட்டரி'ன்னு சொல்றாங்க. ஒரு ஆர்கேட் கேம் சில வருஷம் காசு சம்பாதிச்சுக் கொடுத்தா போதும்னு நினைச்சு செஞ்சது. முப்பது வருஷம் கழிச்சு பெரம்பூர்ல ஒருத்தன் அலமாரியில வச்சுப் பாப்பான்னு அவங்க ஏன் நினைக்கப் போறாங்க?

சாவி உயிரோட இருக்கும்போதே, மின் இணைப்பு அறுந்து போகாம, பழைய பேட்டரியை எடுத்துட்டு புதுசை வச்சிருக்கணும். சாமான் செலவு சில நூறு ரூபாய். அதுக்குப் பெட்டியைத் திறக்கணும். திறந்தா ஸ்டிக்கர் கிழியும். நான் ஸ்டிக்கரைக் காப்பாத்தினேன்.

அண்ணாச்சி வீட்டுப் பரண்

அடுத்த வருஷம் ஒரு நாள், என்னமோ தோணி, பழைய கடை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போ அங்கே மொபைல் கவர் விக்கிறாங்க. பக்கத்து டீக்கடையில விசாரிச்சா, அண்ணாச்சி ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கார்னாங்க. எழுபது வயசைத் தாண்டிட்டார். என்னை அடையாளம் தெரியலை. அண்ணனைச் சொன்னதும் தெரிஞ்சது. "காயின்ல நூல் கட்டி இழுக்கப் பாத்த பய தானே?" எனக்கே தெரியாத விஷயம் அது.

அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் சொன்னார். போர்டு வாங்க வட்டிக்குக் கடன். மாசா மாசம் கரண்ட் பில். பிள்ளைங்க கெட்டுப் போறாங்கன்னு வாத்தியார்கிட்ட திட்டு, அப்பப்போ போலீஸ். பிறகு வீட்டுக்கு வீடு டிவி கேம் வந்தது, பிரவுசிங் சென்டர் வந்தது, கடையை மூடிட்டார். பெட்டியெல்லாம் விறகாப் போச்சு. டிவி எடைக்குப் போச்சு. "போர்டு மட்டும் ரெண்டு மூணு பரண்ல கிடக்கும், பாரு. நானே எடைக்குப் போடணும்னு இருந்தேன்."

ஏணி போட்டு ஏறினேன். ஒரு சிமெண்ட் சாக்கு. உள்ளே பல்லி முட்டையோட மூணு போர்டு. பிளாஸ்டிக் பெட்டி கிடையாது, சீல் கிடையாது, கம்பெனி பேர் கிடையாது. ஒண்ணுல மார்க்கர்ல எழுதியிருந்தது: "முஸ்தபா".

வீட்டுக்குக் கொண்டு வந்து பிரஷ்ஷால தூசு தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல கனெக்டரைத் துடைச்சு, ஷார்ட் எதுவும் இருக்கான்னு மீட்டர்ல பாத்துட்டு, மாட்டினேன். முதல் தடவையே ஓடுச்சு.

ஏன் தெரியுமா? அது நகல் போர்டு. நகல் எடுத்தவங்க குறியாக்கம், சாவி, பேட்டரி எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டாங்க. காசு மிச்சம் பண்ண சத்தத்துக்கு ஒரு மலிவான சிப்பைப் போட்டிருந்தாங்க. சாவதற்கு அதுல ஒண்ணுமே இல்லை. கண்ணாடி அலமாரியில இருந்த ஒரிஜினல் செத்துக் கிடக்கு. சிமெண்ட் சாக்குல கிடந்த திருட்டுக் காப்பி ஆடுது.

இன்னொண்ணும் நடந்தது. இதைக் கேளுங்க.

(ஒலி: நகல் போர்டின் முதல் கட்ட இசை, சில விநாடிகள். தொடர்ந்து ஒரிஜினல் போர்டின் அதே இசை.)

முதல்ல வந்தது அண்ணாச்சி போர்டு. துண்டு துண்டா, கரகரன்னு, ஒரே இடத்துல சுத்துது. ரெண்டாவது ஒரிஜினல். 'கியூசவுண்ட்'னு கேப்காம் பயன்படுத்தின ஸ்டீரியோ தொழில்நுட்பம். ஒப்பிடவே முடியாது, ரெண்டாவதுதான் நல்லா இருக்கு. ஆனா 2019-ல ஒரிஜினலை ஆன் பண்ணப்போ எனக்கு ஏதோ இடிச்சது. "இது இல்லையே"ன்னு தோணுச்சு. அண்ணாச்சி போர்டு பாடினதும்தான் புரிஞ்சது. என் சின்ன வயசுல என் காதுல இருந்தது அந்தக் கரகரப்புதான். நாங்க ஆடினது நகல்ல. நம்ம ஊர்க் கடைகள்ல அது சகஜம். நாற்பதாயிரம் கொடுத்து நான் தேடினது, ரெண்டு தெரு தள்ளி எடைக்குப் போக இருந்தது.

அண்ணாச்சிகிட்ட காசு கொடுக்கப் போனேன். எவ்வளவோ சொல்லியும் வாங்கலை. "பூட்டி வச்சா அது சாமான். ஓடினாத்தான் கேமு. ஓட்டு"ன்னார்.

எது அரிது?

உலகத்துல பேர் பெற்ற அரிய கேசட்டுகள் இருக்கு. 1990-ல நிண்டெண்டோ நடத்தின உலகப் போட்டிக்காகச் செஞ்ச கேசட்ல தங்க நிறத்துல இருந்தது வெறும் 26. அது ஆரம்பத்துலேயே அரிது. ஆனா இன்னொரு வகை அரிதும் இருக்கு. எங்கேயும் கிடைச்சதால யாரும் வச்சுக்காதது. அடாரியோட 'ஈ.டி.' கேசட் தெரியும்தானே? விக்காம தேங்கிப் போய், 1983-ல நியூ மெக்ஸிகோ பாலைவனத்துல மத்த சரக்கோட சேர்த்துக் குப்பைமேட்டுல புதைச்சாங்க. 2014-ல தோண்டி ஏறக்குறைய 1,300 கேசட்டுகளை வெளியே எடுத்தாங்க. அதுல ஒண்ணு இன்னைக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. குப்பைக்கும் மியூசியத்துக்கும் நடுவுல முப்பது வருஷம்தான்.

நம்ம வீடுகள்ல இருந்த டிவி கேம் ஞாபகம் இருக்கா? அதெல்லாம் 1983-ல வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமோட நகல்தான். அதனாலதான் நம்ம கேசட்ல 60 பின். அமெரிக்க நிண்டெண்டோ கேசட்ல 72. "9999 இன் 1"னு போட்டிருக்கும். உள்ளே போனா பத்து இருபது கேம், அதையே வேற வேற லெவல்ல ஆரம்பிச்சு பேர் மாத்தி வச்சிருப்பான். திறந்து பாத்தா சிப்பே தெரியாது, போர்டு மேல கறுப்பா ஒரு பசைத் துளி. அதுக்குக் கீழேதான் எல்லாமே. அந்த கேசட், அந்த அட்டைப்பெட்டி, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட அந்த லேபிள்... ஒரிஜினல் மேரியோவைப் பாதுகாக்க உலகம் முழுக்க ஆள் இருக்காங்க. நாம ஆடினதை நாம வச்சுக்காட்டி வேற யாரும் வச்சுக்கப் போறதில்லை.

உங்க பரண்ல இருந்தா

எடுத்துட்டீங்கன்னா சில விஷயம் சொல்லிடறேன்.

கேசட்ல ஊதாதீங்க. நாம எல்லாரும் ஊதினோம், தெரியும். வேலை செஞ்சது ஊதினதால இல்லை, கழட்டி மறுபடி மாட்டினதால. எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். இயர்பட்ல ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, நல்லா காய விடுங்க.

சேவ் பண்ற கேசட்னா உள்ளே காயின் பேட்டரி இருக்கும். கேம்பாய் 'போகிமான் கோல்டு', 'சில்வர்' வச்சிருக்கீங்கன்னா, அதுல கடிகாரமும் ஓடுறதால பேட்டரி சீக்கிரம் தீரும். கேம் சாகாது, உங்க சேவ் போயிடும். நிண்டெண்டோ கேசட் ஸ்க்ரூவுக்கு 3.8 மி.மீ. கேம்பிட்னு தனி ஸ்க்ரூடிரைவர் இருக்கு. கத்தியால நோண்டாதீங்க.

ரொம்ப நாள் கிடந்த போர்டை எடுத்ததும் கரண்ட் கொடுக்காதீங்க. பேட்டரி கசிஞ்சிருக்கா, கெப்பாசிட்டர் உப்பியிருக்கா, பச்சை பிடிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. பழைய டிவி பெட்டியை மட்டும் தயவுசெஞ்சு நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஆளைக் கொல்ற மின்சாரம் தங்கியிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுங்க.

வாங்குறவங்களுக்கு: முன் லேபிளை நம்பாதீங்க, உள் போர்டோட போட்டோ கேளுங்க. கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கா, புதுப் பளபளப்பா இருக்கான்னு பாருங்க. காட்ட மாட்டேன்னா வாங்காதீங்க. கேமோட காப்புரிமை இன்னும் கம்பெனிகிட்டதான் இருக்கு. அண்ணாச்சி போர்டோட சிப்பை நான் படிச்சு ஒரு காப்பி வச்சிருக்கேன், அதுல இருக்கிறது அழிஞ்சுடக் கூடாதுங்கிறதுக்காக. நெட்டுல ஏத்தலை.

போர்டு என்ன ஆச்சு?

செத்த போர்டுக்கு வைத்தியம் உண்டு. பல வருஷமா உலகம் முழுக்க ஆர்வலர்கள் இந்தக் குறியாக்கத்தை உடைச்சு, ஒவ்வொரு கேமோட சாவியையும் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. எடுவார்டோ குரூஸ்னு ஒருத்தர் கபுகி சிப்பை அக்குவேறா ஆராய்ஞ்சு அதைப் பத்தி எழுதியிருக்கார். அந்த மாதிரி வேலைகளை வச்சு, கோயம்புத்தூர்ல எம்பெடட் துறையில இருக்கிற ஒரு நண்பர் என் போர்டுக்குச் சாவியைத் திரும்ப ஏத்தினார். ஒரு சின்ன ஆர்டுயினோ, நாலு ஒயர், ரெண்டு ராத்திரி. அதிர்ஷ்டவசமா பழைய பேட்டரி கசியலை.

சீலை நான்தான் உடைச்சேன். கை நடுங்கலைன்னு சொன்னா பொய். கேமோட ஒரு எழுத்துகூடக் குறையலை. விலைதான் குறைஞ்சது. உள்ளே இப்போ ஹோல்டர்ல புது பேட்டரி. மேல டேப்ல தேதி எழுதி ஒட்டியிருக்கேன். போன்ல ரிமைண்டரும் இருக்கு. அந்த போர்டு அலமாரியில இல்லை. டிவிக்குக் கீழே, தூசோட, எப்பவும் மாட்டின நிலையில இருக்கு. ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுப் பசங்க வந்து ஆடுறாங்க. ஒரு ஜாய்ஸ்டிக் ஏற்கனவே போச்சு.

அண்ணன் இன்னும் வரலை. அண்ணாச்சி போர்டு சத்தத்தை மட்டும் ரெகார்ட் பண்ணி, ஒரு வார்த்தையும் எழுதாம வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு அவன் போன். கணக்கு எதுவும் பேசலை. "அந்தப் பாழாப்போன சத்தம் எங்கேடா கிடைச்சது?"ன்னு ஆரம்பிச்சு நாற்பது நிமிஷம். நூல் கட்டின காயின் பத்தியும் கேட்டேன். "அது நான் இல்லை"ங்கிறான்.

பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். இந்த கேமை மூணு பேர் ஆடலாம். மூணாவது ஆளுக்குத் தனி ஒயர் வேணும், அதையும் செஞ்சு வச்சுட்டேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டா, "எனக்கு ஆடத் தெரியாதுப்பா, காயின் வாங்கத்தான் தெரியும்"ங்கிறார். சரி, காயின் வாங்கவாவது வரட்டும்.

அடுத்த எபிசோடுல பாப்போம் மக்களே. அதுக்குள்ள ஒரு தடவை பரண் ஏறிப் பாத்துடுங்க. என்ன கிடைச்சதுன்னு எனக்கு எழுதுங்க. போட்டோ மட்டும் போதாது, ஓடுதான்னும் சொல்லுங்க.